நான்கு அணுக்களுக்கு ஒரு கண்ணாடிப் பெட்டி

கண்ணாடிப் பெட்டிக்குள் சிவப்பு வெல்வெட் மெத்தை. மெத்தையின் நடுவில் சுண்டைக்காய் அளவுக்கு ஒரு குழி. அந்தக் குழியைப் பார்க்கவே கூடாது என்று கோகிலவாணி, ஒலிபெருக்கி முன் நின்ற புலவர் நஞ்சப்பனின் முதுகைப் பார்த்தாள். முதுகு பேசிக்கொண்டே இருந்தது. கண் தானாகக் குழிக்கே திரும்பி வந்தது. சுண்டைக்காய் அளவு என்று யார் முடிவு செய்திருப்பார்கள்? ஆறுச்சாமியாகத்தான் இருக்கும். காரைப்பாளையம் நகை வியாபாரிகள் சங்கத் தலைவர், இந்தப் பாராட்டு விழாவுக்கே மூலகாரணம், சற்று முன் வரவேற்புரையில் "நம்மூர்ப் பொண்ணு தங்கத்த விடக் கனமான ஒண்ணக் கண்டுபுடிச்சிருக்குதுங்க, அதுல துளி இன்னைக்கு இந்த மேடைக்கே வந்திருக்குதுங்க" என்று சொல்லிவிட்டு அவளுடைய கைப்பையைப் பார்த்துக் கும்பிட்டவர். ஏன் கைப்பையைக் கும்பிடுகிறார் என்று அவளுக்கு அப்போது புரியவில்லை. "விழா முடிவுல அம்மிணி அதை எடுத்து இந்தப் பொட்டிக்குள்ள வெப்பாங்க, அதுக்கு முந்தி எடையும் போட்டுக் காட்டுவோமுங்க" என்றபோதுதான் புரிந்தது. பெட்டிக்குப் பக்கத்தில் நகைக்கடை மின்தராசு ஒன்று உட்கார்ந்திருந்தது. தலைக்கு மேலே சுழலும் விசிறியின் காற்றுப் பட்டு அதன் பச்சை எண்கள் நிலைகொள்ளாமல் 0.002 என்றன, 0.000 என்றன, யோசித்து 0.001 என்றன. சும்மா இருக்க மாட்டாமல் காற்றை நிறுத்துக்கொண்டிருக்கிறது. அவளுடைய ஆய்வகத்தில் உண்டான புதுத் தனிமத்தின் அணுக்களை அதில் வைத்தால், வைக்க முடியாது, அவை இல்லை, இருந்து வைத்தாலும் புள்ளிக்குப் பின்னால் இருபது பூஜ்யம் போட்ட பிறகுதான் ஒரு எண் வரும், அந்தத் தராசில் மூன்று பூஜ்யத்துக்குத்தான் இடம். மேடையில் இருப்பவற்றில் அவளைவிட அந்தத் தராசு பரவாயில்லை, அது உள்ளதைச் சொல்கிறது.

அப்பா முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தார். சென்னியப்பன், ஊர் எல்லையில் லாரி எடைமேடையை முப்பது வருஷம் நடத்தியவர், யாரைப் பார்த்தாலும் எத்தனை கிலோ இருப்பார் என்று மனசுக்குள் போட்டுப் பார்க்கிறவர். வரவேற்புரையில் எடை போடும் வாக்கியம் வந்ததும் அவள் திடுக்கிட்டு அவரைப் பார்த்தாள். அவர் சட்டென்று விசிறியைப் பார்த்தார். விசிறி அவ்வளவு நேரம் பார்க்கும்படியான விசிறி இல்லை. அப்படியானால் தெரிந்தே செய்திருக்கிறார், இல்லை, தெரியாமல் செய்துவிட்டு இப்போதுதான் தெரிந்துகொண்டிருக்கிறார், எதுவானாலும் துளி வருகிறது என்று அவர்தான் சொல்லியிருக்கிறார். போன மாதம் தொலைபேசியில் கேட்டது நினைவுக்கு வந்தது. வரும்போது தலைவலித் தைலம் ரெண்டு, நல்ல டார்ச் லைட் ஒண்ணு, அப்பறம் கண்ணு, நீ கண்டுபுடிச்சியே அது, அதுல துளியூண்டு. அவள் சிரித்தாள். சிரித்துக்கொண்டே சரிங்கப்பா என்றாள். எழுபது பேர் சேர்ந்து, கட்டடம் அளவு இயந்திரத்தை வைத்து, பதினோரு மாதம் ஓட்டிச் செய்த காரியத்தைத் தைலத்துக்கும் டார்ச்சுக்கும் பின்னால் வரிசையில் நிறுத்துகிறாரே என்று சிரித்தாள். அப்பாவுக்கு இந்த வயதிலும் கேலி போகவில்லை என்று கூடப் பெருமைப்பட்டாள். கேலி இல்லை. தைலம் வந்தது, டார்ச் வந்தது, பெண் சொன்னால் செய்கிறவள், மூன்றாவதும் பயணப்பெட்டியில் எங்கோ பத்திரமாக இருக்கும், மேடையில்தான் எடுப்பாள் என்று இருந்திருக்கிறார். கழுத்து மாலையிலிருந்து எறும்பு ஒன்று கிளம்பிக் காதுக்குப் பின்னால் ஏறியது. மேடையில் எறும்பைத் தட்டினால் மாலையைத் தட்டியது போல ஆகும் என்று விட்டுவிட்டாள்.

"இறுதியாக ஒன்றைச் சொல்லி அமைகிறேன்" என்றார் புலவர். இது மூன்றாவது இறுதி. முதல் இறுதிக்குப் பிறகு பேசியதில் பாதி நேரம் இரண்டாவது இறுதிக்குப் பிறகு பேசினார், இனி அதில் பாதி, அப்புறம் அதில் பாதி. கணக்குப்படி இவர் ஓயவே மாட்டார், ஓய்ந்ததுபோல ஆவார், அவ்வளவுதான். அதுவே நல்லது. பேசுங்கள் ஐயா. அணுவைப் பற்றி நம் முன்னோர் அன்றே அறிந்திருந்தார்கள் என்பதை இன்னொரு தரம் சொல்லுங்கள், எனக்கு ஆட்சேபணை இல்லை. ஒரு பாராட்டு விழாவுக்கு அரைஆயுள் எவ்வளவு என்று அவள் கல்லூரி நாளிலேயே கணக்குப் பார்த்து வைத்திருந்தாள்: சால்வை போட்டு முடிந்ததும் கூட்டம் பாதியாகும், பின்னால் போண்டா வாசம் வந்ததும் மிச்சத்தில் பாதி, நன்றியுரைக்கு நாற்காலி அடுக்குகிறவர் மட்டும். இன்று போண்டா வாசம் வந்து நெடுநேரம் ஆகிவிட்டது. ஒருத்தர்கூட எழுந்து போகவில்லை. பின்வரிசைக்காரர்கள் முன்னால் வந்து நிற்கிறார்கள். சமையல்காரரே கரண்டியோடு வந்து தூணில் சாய்ந்திருக்கிறார். யாரும் அவளைப் பார்க்கவில்லை, மடியில் இருக்கும் கைப்பையைப் பார்க்கிறார்கள். அவள் பையை இடதுபக்கம் மாற்றி வைத்தாள். கூட்டத்தின் கண்கள் இடதுபக்கம் போயின. பைக்குள் தொண்டைமிட்டாய் இருக்கிறது, விமான நிலையத்தில் கிழித்துக் கொடுத்த துண்டுச்சீட்டு இருக்கிறது, ஒற்றைக் காலுறை ஒன்று எப்படியோ இருக்கிறது.

எதையாவது வைத்துவிட்டால்? தோட்டுத் திருகாணி. காதைச் சொறிவது போல் கழற்றி, துணியில் மடித்து, இதுதான், தொடாதீர்கள், கதிர்வீச்சு என்று சொல்லிப் பூட்டிவிட்டால் ஒரு பயலும் கிட்டே வரமாட்டான். மனசு ஒரு கணம் குளிர்ந்தது. அப்புறம் சபையைப் பார்த்தாள். முன்வரிசை முழுக்க நகைக்கடைக்காரர்கள், இரண்டாம் வரிசை பட்டறைக்காரர்கள், மூன்றாம் வரிசை அடகுக்கடை. இந்த ஊரில் எந்தப் பொய்யையும் சொல்லலாம், படிப்பைப் பற்றிச் சொல்லலாம், சம்பளத்தைப் பற்றிச் சொல்லலாம், உலோகத்தைப் பற்றி மட்டும் வாய் திறக்க முடியாது. பத்தடி தூரத்தில் இருந்தே, அது தொண்ணூத்தொண்ணு புள்ளி ஆறுங்க அம்மிணி, செம்பு சேத்தியிருக்குது என்பார்கள். யாராவது உரைகல்லோடு வந்திருந்தாலும் ஆச்சரியமில்லை. சரி, திருகாணி வேண்டாம். மயங்கி விழுந்தால்? விழலாம், நன்றாகவே விழலாம், தண்ணீர் தெளித்து எழுப்பிவிட்டு எடை போடுவார்கள். அவள் ஞாயிற்றுக்கிழமை விமானம் ஏறிவிடுவாள். அப்பா திங்கட்கிழமை காலை டீக்கடைக்குப் போக வேண்டும். பெஞ்சில் உட்கார்ந்ததும் யாராவது, ஏனுங்க சென்னியப்பா, பொட்டி என்னாச்சு என்பார்கள், ஒருத்தர் கேட்டால் போதும், மற்றவர்கள் டம்ளருக்குள் சிரிப்பார்கள். லாரிக்காரன் பத்து கிலோ கூட்டிச் சொல்லச் சொன்னதற்குக் கோபித்துக்கொண்டு சாப்பிடாமல் இருந்த மனுஷர் அவர். எடை விஷயத்தில் பொய் சொன்னான் என்ற பெயரோடு அவர் இந்த ஊரில் ஒரு டீ குடிக்க முடியாது. அதை நினைத்ததும் அவளுக்கு அழுகை வந்துவிடும் போல இருந்தது, நல்லவேளையாக எறும்பு காதுக்குள் எட்டிப் பார்த்தது.

எங்கே ஆரம்பித்தது இது? எத்தன கனம் கண்ணு என்று அவர் தொலைபேசியில் கேட்டதில் ஆரம்பித்தது. மற்ற அப்பாக்கள் எத்தனை சம்பளம் என்று கேட்பார்கள், இவர் எத்தன கனம் என்பார். அவள் பணிநேரத்தில் இருந்தாள், திரையில் ஏதோ கோடு துள்ளியது. இருக்கறதுலயே நெம்பக் கனமுங்கப்பா. தங்கத்த விடவா? அணுவுக்கு அணு பார்த்தா ஒண்ணரை மடங்குங்கப்பா, அப்பறம் பேசறேன். வைத்துவிட்டாள். ஒன்றரை மடங்கு என்பது உண்மை. அணுவுக்கு அணு என்பதும் உண்மை. அப்புறம் பேசுகிறேன் என்பதுதான் நடக்கவில்லை. எப்படிச் செய்யறீங்க என்று இன்னொரு நாள் கேட்டார், கால்சியத்தை எடுத்து வேகமா அடிக்கிறதுங்கப்பா என்றாள், கால்சியம்னா? சுண்ணாம்புல இருக்குமே அதுங்கப்பா. சுண்ணாம்பா என்றார். வெற்றிலை போடும்போது ஒவ்வொரு தரமும் விரல் நுனியைப் பார்த்து யோசித்திருப்பார். அந்தச் சுண்ணாம்புச் சமாசாரத்தைக் கோடி கோடி கோடியாக இரவும் பகலும் ஒரு தகட்டின் மேல் எறிய வேண்டும், தகட்டில் பூசியிருப்பதும் உலகத்தில் சிட்டிகை அளவுகூடக் கிடைக்காத இன்னொரு தனிமம். எல்லாம் மோதிச் சிதறிப் போகும், வாரக்கணக்கில் ஒன்றும் ஒட்டாது. என்றைக்கோ ஒரு நாள் ஒன்று மட்டும் ஒன்றோடு ஒட்டிக்கொள்ளும், ஒட்டிய வேகத்தில் பிரிந்தும் போகும். இதைச் சொன்னால் ஆறுச்சாமி, சேதாரம் நெம்ப ஜாஸ்தீங்க என்பார்.

முதல் அணு வந்தபோது நீ எங்கே இருந்தாய் என்று யாராவது கேட்டால் என்ன சொல்வது? அது வந்ததே அப்போது யாருக்கும் தெரியாது. பதிவுகளைப் புரட்டி வடிகட்டி மூன்று வாரம் கழித்துத்தான் தெரிந்தது, செவ்வாய்க்கிழமை மதியம் ஒன்று வந்து போயிருக்கிறது என்று. எல்லோரும் ஒருவரை ஒருவர் கட்டிக்கொண்டார்கள். அவள் மட்டும் மனசுக்குள் அந்தச் செவ்வாய்க்கிழமைக்கு ஓடினாள். அன்று மதியம் அவள் பணியில்தான் இருந்தாள். பணியில் என்றால், தாழ்வாரத்தில், காசை விழுங்கிக்கொண்டு கடலைமிட்டாயைத் தராத இயந்திரத்தை முழங்காலால் இடித்துக்கொண்டிருந்தாள். சுவருக்கு அந்தப் பக்கம், அந்த ஆய்வகத்தில் அதுவரை இல்லாத ஒன்று பிறந்து, கனத்தைத் தாங்க முடியாமல் ஒரு துண்டை உதறி, இன்னொரு துண்டை உதறி, வேறு ஒன்றாகி, அதுவும் வேறு ஒன்றாகி இல்லாமல் போயிற்று. இவள் இந்தப் பக்கம் மிட்டாய்க்காக ஒரு இயந்திரத்தோடு சண்டை போட்டாள். மிட்டாயும் வரவில்லை. உதறிய துண்டுகள் பட்ட இடத்தையும் நேரத்தையும் வைத்துத்தான், இன்னது செத்திருக்கிறது, ஆகவே இன்னது வாழ்ந்திருக்கிறது என்று எழுதினார்கள். சாவுச் செய்தி மட்டும் வந்த சொந்தக்காரர் மாதிரி. அதைவிடக் கனமாக இன்னும் தள்ளிப் போனால் நின்று நிதானமாக வாழ்கிற அணுக்கள் இருக்கும், கடலுக்கு நடுவே தீவு போல என்று கணக்குப் போட்டவர்கள் சொல்கிறார்கள். யாரும் அங்கே போய்ச் சேரவில்லை. போய்ச் சேர்ந்தால் அப்பாவுக்குத் துளி கொண்டுவரலாம். அதற்குள் அவருக்கு நூற்றைம்பது வயதாகிவிடும்.

ஏதாவது அவர்களுக்குப் பிடித்த மாதிரி ஆரம்பிக்கலாம். தங்கம் ஏன் மஞ்சளாக இருக்கிறது தெரியுமா என்று கேட்கலாம், இந்தச் சபையில் அதற்குக் கை தட்டுவார்கள். கனமான அணுவுக்குள் எலக்ட்ரான்கள் தலைதெறிக்க ஓடுகின்றன, ஓடுகிற ஓட்டத்தில் அவையே கனத்துப் போகின்றன, அதனால்தான் தங்கத்துக்கு அந்த நிறம். எங்கள் தனிமத்தில் அந்த ஓட்டம் இன்னும் பேயோட்டம், ஆகவே அது பிறந்த குடும்பத்தின் குணம் அதற்கு இருக்குமா என்றே சந்தேகம். தனிம அட்டவணையில் யாருக்குக் கீழே உட்கார்ந்திருக்கிறதோ அவர்களைப் போல நடந்துகொள்ளாது. இதையேதான் அத்தை அவளைப் பற்றியும் சொல்வாள். இப்படியே பேசிக்கொண்டே போய்ப் பெட்டியை மறக்கடித்துவிடலாமா? சமையல்காரர் கரண்டியை மற்ற கைக்கு மாற்றினார். அந்த முகத்தைப் பார்த்தால் மறக்கிற முகமாக இல்லை.

புலவர் ஓய்ந்தார். கணக்குப் பொய்த்துவிட்டது, அவர் உட்கார்ந்தே விட்டார். ஆறுச்சாமி ஒலிபெருக்கியை வாங்கி, "மேடைக்காரரே, விசிறியெல்லாம் நிறுத்திப்போடுங்க, எடை சுத்தமாக் காட்டோணும்" என்றார். விசிறிகள் ஒவ்வொன்றாகத் தளர்ந்து நின்றன. மண்டபத்துக்குள் அப்படி ஒரு அமைதியும் புழுக்கமும் இறங்கின. தராசு 0.000 என்று நின்றது. நூறு கைபேசிகள் உயர்ந்தன. அவள் எழுந்தாள், மடியில் அடுக்கியிருந்த சால்வைகள் சரிந்து காலைச் சுற்றின, அவற்றைத் தாண்டி ஒலிபெருக்கிக்கு வந்தாள். இனி யோசிக்க ஒன்றுமில்லை என்பது ஒருவகையில் சுகமாகவே இருந்தது. அப்பா விசிறியைப் பார்க்கவில்லை, விசிறிதான் நின்றுவிட்டதே. அவளைப் பார்த்தார். வெள்ளைச் சட்டை முதுகோடும் மார்போடும் ஒட்டியிருந்தது.

"நான் கொண்டாரலீங்க" என்றாள். "அதைக் கொண்டாரவே முடியாதுங்க. மொத்தம் நாலே நாலு அணுதான் உண்டாச்சு. ஒவ்வொண்ணும் கண்ண மூடித் தெறக்கறதுக்குள்ள இல்லாமப் போயிருச்சுங்க. இப்ப அது எங்கயுமே இல்ல."

ஆறுச்சாமி வெல்வெட் குழியைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். "அப்பறம் அப்பா கொண்டாருதுன்னு சொன்னாருங்களே அம்மிணி?" என்றார். கோபமாகக் கேட்கவில்லை, உண்மையிலேயே புரியாமல் கேட்டார். அதுதான் இன்னும் மோசமாக இருந்தது.

"நாந்தாங்க கொண்டாரேன்னு சொன்னேன்" என்றாள் கோகிலவாணி. "அப்பா பொய் சொல்லலீங்க."

முதல் வரிசையில் நாற்காலி தேய்ந்தது. அப்பா எழுந்து நின்றார். ஒலிபெருக்கி இல்லாமல் அவர் பேசியது கடைசி வரிசைக்கும் கேட்டது, அவ்வளவு அமைதி.

"அவ சொல்லலீங்க. சிரிச்சா. சிரிச்சுட்டு செரின்னா. அது கேலிக்குச் சொன்ன செரின்னு எனக்குப் பொறவு தோணுச்சுங்க. இன்னொருக்கா கேக்கோணும்னு போனக் கையில எடுத்தேன். கேட்டா இல்லைன்னு சொல்லிப்போடுவாளோன்னு கேக்கல." கழுத்தைத் துடைத்துக்கொண்டார். "பத்துப் பாஞ்சு வருசமா, உம்புள்ள அங்க என்ன பண்ணுதுன்னு கேக்கறீங்க. என்னால ஒண்ணுஞ் சொல்ல முடியலீங்க. எனக்கே தெரியாதுங்க. துளி கையில இருந்தா இதாம்ப்பான்னு காட்டிப்போடலாம்னு இருந்தேன். தப்பு என்னோடதுங்க."

எனக்கே தெரியாதுங்க என்று ஊர் முழுக்கக் கேட்கச் சொல்கிறார். புரியுதுங்களாப்பா என்று கோகிலவாணி தொலைபேசியில் ஒரு தரமாவது கேட்டிருக்க வேண்டும், கேட்கவில்லை, கோடு துள்ளியது, வேலை இருந்தது, அப்புறம் பேசறேன், அப்புறம். வெட்கமாக இருந்தது. அத்தனை சால்வைகளில் ஒன்றை எடுத்து முகத்தில் போட்டுக்கொள்ளலாமா என்று இருந்தது.

ஆறுச்சாமி ஒலிபெருக்கியை வாயருகே வைத்து, எடுத்து, மறுபடி வைத்தார். வியாபாரி மூளை உள்ளே ஓடுவது நெற்றியிலேயே தெரிந்தது. "நாலுதான் ஆச்சுங்களா அம்மிணி?"

"நாலுதானுங்க."

"ஒலகத்துல வேற யாருகிட்டயாச்சும் இருக்குதுங்களா?"

"இன்னொரு நாட்டுல ஆறு பண்ணுனாங்க."

ஆறுச்சாமியின் முகம் விழுந்தது. "அவிககிட்ட இருக்குதுங்களா அது?"

"இல்லீங்க. அதும் போயிருச்சு."

"அப்ப செரி" என்று அவர் நிமிர்ந்தார். சபையைப் பார்த்துத் திரும்பி, "கேட்டுக்கங்க. அவிகளுக்கும் இல்ல, நம்முளுக்கும் இல்ல. நம்முளுது ஒண்ணும் கொறஞ்சு போகல" என்றார். யாரோ ஒருவர் கை தட்டினார். எதற்கு என்று தெரியாமலே மற்றவர்களும் தட்டினார்கள். முன்வரிசைக்காரர் ஒருவர் அப்பாவின் தோளைப் பிடித்து உட்காரவைத்தார். விசிறி போடுங்கப்பா, வேகுது என்று நாலு பக்கமிருந்தும் குரல் வந்தது. சமையல்காரர் ஓடினார், அவருக்குப் பின்னால் கூட்டமும் ஓடியது. புலவர் நன்றியுரைக்காகத் தொண்டையைச் செருமியபோது மண்டபத்தில் பாதி நாற்காலிகூட நிரம்பியிருக்கவில்லை.

அவள் மேடைப்படியில் இறங்கி, மாலையைக் கழற்றி ஒரு நாற்காலியில் போட்டுவிட்டு, அப்பாவுக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தாள். அவர் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. "பேரக் கெடுத்துப்போட்டனா கண்ணு?" என்றார்.

"இல்லீங்கப்பா. இங்க பாருங்க. மொதல்ல ஒரு தகடு இருக்குதுன்னு வெச்சுக்கங்க, உள்ளங்கை அகலம். அதுல பூசியிருக்கறது ஒரு தனிமம், அது மேல கால்சியத்த வேகமா அடிக்கிறோம், அடிக்கிறப்ப அதுல ஒண்ணு மட்டும் ஒட்டுச்சுன்னா அது நேரா ஒரு காந்தத்துக்குள்ள போயி அந்தாண்ட வந்து—"

அப்பா அவள் மணிக்கட்டைப் பிடித்து நிறுத்தினார்.

"மெதுவாச் சொல்லு கண்ணு" என்றார். "எனக்கு ஒண்ணும் அவசரமில்ல."